பத்தும் ஐந்தும்

போன வருடம் நான் தயாரித்த ஒரு ஸ்லைடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதில் இரண்டே இரண்டு பட்டைகள். உயரமான பட்டைக்கு மேல் ‘ஆட்கள் – 2 சதவீதம்’ என்று இருக்கும், குட்டைப் பட்டைக்கு மேல் ‘ரோபோ – 1 சதவீதம்’ என்று இருக்கும். ஒரகடம் பக்கம் வண்டி இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்திறங்கிய வெல்டிங் ரோபோவையும் பழைய கை வெல்டிங் வரிசையையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை கேட்டார்கள். இரண்டு பக்கமும் 500 துண்டு எடுத்துப் பார்த்தோம். குறை என்று கை வரிசையில் 10 துண்டு கழிந்தது, ரோபோவில் 5. (ஆலையின் எண்களை வெளியே எழுத எனக்கு அனுமதி இல்லை. இங்கே வருபவை கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். நடந்ததன் போக்கு மட்டும் அப்படியேதான்.)

கூட்டம் பத்து நிமிடம்கூட நீளவில்லை. “பாதிக்குப் பாதி குறையுதே, அப்புறம் என்ன யோசனை?” என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் எண்களைத் திரித்துப் பேசவில்லை. நானும் பொய்யாக எதையும் எழுதவில்லை. ஆனால் அந்த வாரமே கை வரிசையில் இருந்த ஆறு வெல்டர்களில் நான்கு பேரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதில் ஒருவர் தேவகோட்டைக்காரர். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்துவிடும். இருபது வருடம் வெல்டிங் டார்ச் பிடித்த கை. அவரைக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போட்டார்கள். மறுநாள் கேன்டீனில் என்னைப் பார்த்தவர், கோபமாக எதுவும் சொல்லவில்லை. “மேடம், அந்தப் பத்துல என்னது எத்தனை?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்படி யாருமே எழுதி வைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் உறுத்துகிறது.

ரோபோ வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெல்டிங் புகை எட்டு மணி நேரம் நெஞ்சுக்குள் போவது எப்படி இருக்கும் என்று அந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். 1961 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட்டை வைத்தபோது அதற்குக் கொடுத்த வேலையே அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்துப் போடுவதுதான். மனிதர் கையை வைக்கக்கூடாத இடம் அது. அப்படிப்பட்ட இடங்களுக்கு ரோபோ வருவது நல்லது. ஆனால் ‘உன்னைவிட அது நன்றாகச் செய்கிறது’ என்று ஒருவரிடம் சொல்வது வேறு விஷயம். அதைச் சொல்வதற்கு முன்னால் அது உண்மையா என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் என் கேள்வி.

பதினைந்து காசுகள்

அந்த மாதக் கடைசியில் பல்லவன் ரயிலில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். விருத்தாசலம் தாண்டியதும் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, காரைக்குடியில் பொறியியல் படித்தபோது புள்ளியியல் தாளில் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். இதை அறிக்கை எழுதும்போதே போட்டிருக்க வேண்டும். அவசரம் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

கணக்கு எளிதுதான். ரோபோவுக்கும் ஆட்களுக்கும் நிஜத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு துண்டுகள். மொத்தம் கழிந்தது 15. ஒவ்வொரு குறையும் எந்தப் பக்கம் விழும் என்பது ஒரு காசைச் சுண்டுவது மாதிரி, பூ விழுந்தால் ஆள், தலை விழுந்தால் ரோபோ. இப்போது 15 காசைச் சுண்டினால், 10–5 என்றோ அதைவிடச் சாய்வாகவோ பிரிந்து விழ எவ்வளவு வாய்ப்பு? ஏதாவது ஒரு பக்கம் அப்படிச் சாய்வதைச் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 30 தடவை. அதாவது இரண்டும் ஒரே தரமாக இருந்தாலும், இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்ப வைத்தால் ஏறத்தாழ மூன்று தடவைக்கு ஒரு தடவை இப்படி ஒரு ஸ்லைடு வந்து விழும். சில தடவை பட்டைகள் இடம் மாறி, ரோபோ மோசம் என்று வந்திருக்கும். அன்றைக்கு நம் கையில் எது விழுந்ததோ அதை வைத்து நான்கு பேரை இடம் மாற்றினோம்.

இதே 2 சதவீதமும் 1 சதவீதமும் 5000 துண்டு வீதம் எடுத்து வந்திருந்தால் கதை வேறு. அப்போது ஆட்களிடம் 100 துண்டு கழிந்திருக்கும், ரோபோவில் 50. அந்தச் சாய்வு சும்மா காசு சுண்டி 10,000 தடவையில் ஒரு தடவைகூட வராது. சதவீதம் அதேதான், பட்டைகளின் உயரம் அதேதான், ஆனால் ஒன்றை நம்பலாம், இன்னொன்றை நம்ப முடியாது. என் ஸ்லைடில் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு வழியே இல்லை. நிஜமாகவே 2க்கு 1 என்று வித்தியாசம் இருந்தால் அதை ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்க எத்தனை துண்டு வேண்டும் என்றும் கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் 2300 வந்தது. நாங்கள் எடுத்தது அதில் கால்வாசிகூட இல்லை.

ரோபோ விற்க வந்தவர்கள் செய்து காட்டிய சோதனையும் அப்போது நினைவுக்கு வந்தது. 100 துண்டு ஓட்டினார்கள், ஒன்றுகூடக் கழியவில்லை, எல்லோரும் கைதட்டினோம். 100இல் பூஜ்யம் என்றால் குறையே இல்லை என்று ஆகிவிடாது. 3 சதவீதம் கழிக்கும் இயந்திரம்கூட 100 துண்டைச் சுத்தமாகப் போட்டுக் காட்ட 20இல் ஒரு தடவை வாய்ப்பு உண்டு. பார்த்த துண்டுகளின் எண்ணிக்கையால் 3ஐ வகுத்தால் வருவதுதான் நாம் தைரியமாகச் சொல்லக்கூடிய மேல் எல்லை. 300 பார்த்து ஒன்றுகூடக் கழியாமல் இருந்தால்தான் ‘1 சதவீதத்துக்கு உள்ளேதான் இருக்கும்’ என்று சொல்லலாம். தரத்துறையில் இது பழைய பாடம்தான், கைதட்டும்போது மறந்துவிடுகிறோம்.

புதுக்கோட்டை வரும்போது எனக்கு ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. சோதனை சிறியது, பெரிதாக எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படித்தான் நினைத்தேன். அதுவும் பாதிதான் என்று இரண்டு நாள் கழித்து ஆத்தங்குடியில் தெரிந்தது.

கல் அடுக்கிய இடத்தில்

என் தாய்மாமா ஆத்தங்குடியில் சின்னதாகக் கல் போடும் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் மாமியும் இன்னும் மூன்று பேரும். செட்டிநாட்டு வீடுகளின் தரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நான் சொல்ல வருவது அதில்தான் இருக்கிறது. முதலில் ஒரு கண்ணாடியைத் துடைத்து வைப்பார்கள். அதன்மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு வளைத்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், பின்னணிக்குப் பச்சை, இப்படி. பிறகு அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, ஈரம் இழுக்க சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதற்குமேல் சாந்து போட்டுக் கரணையால் இழுத்து மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. காய வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் கண்ணாடி மாதிரியே வழவழப்பாக இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல் போடும்போது அதன் முகம் கீழே கவிழ்ந்திருக்கிறது. போடுகிறவர் பார்ப்பது முதுகை மட்டும்தான். முகம் எப்படி வந்திருக்கிறது என்பது கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். அதற்குள் அதற்குப் பின்னால் எத்தனையோ கல் போட்டாகியிருக்கும்.

நான் போன அன்று காலையில் மாமா கழிந்த கற்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில், “எத்தனை மாமா போச்சு?” என்று கேட்டேன்.

“எத்தனைன்னு கேட்டா என்னத்தா சொல்றது? எது போச்சு, எப்பப் போச்சுன்னு கேளு.”

அவர் முன்னால் இரண்டு அடுக்கு இருந்தது. முதல் அடுக்கில் இருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றில் சிவப்பு தாண்டிப் பச்சைக்குள் போயிருந்தது. ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. ஒன்றில் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. ஒன்றில் மஞ்சள் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. ஒன்றைப் போல ஒன்று இல்லை. “இதெல்லாம் கை. ஒரு ஆள் பேசிக்கிட்டே ஊத்திருப்பான், ஒரு கரண்டி கூடப் போயிருக்கும். இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, கொஞ்சம் வரத்தான் செய்யும்.” அப்புறம் இரண்டாவது அடுக்கைக் காட்டினார். இருபது கல் இருக்கும். இருபதிலும் இடது மேல்மூலை இதழின் நுனியில், அதே இடத்தில், அதே அளவுக்குச் சிவப்பு கசிந்திருந்தது. ஒரே கல்லை இருபது படம் எடுத்த மாதிரி. “இது அச்சு. யாரோ கீழ போட்டிருக்காங்க, தகடு நெளிஞ்சு கண்ணாடில படியாம நின்னிருக்கு. முதுகு நல்லாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியும்? கண்ணாடி எடுக்கையிலதான் தெரிஞ்சுச்சு.”

“ஆக இருபது கல் இந்த அச்சாலயா?” என்றேன்.

“இருபது தப்பு இல்ல ஆத்தா. ஒரு தப்பு. இருபது கல்லுல இருக்கு, அவ்வளவுதான். அன்னைக்கு மழை வந்து வேலைய நிறுத்திட்டோம், இல்லைன்னா நாப்பது போயிருக்கும்.”

அவர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுக்கப் போய்விட்டார். நான் அந்த இருபது கல்லையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ரயிலில் நான் போட்ட காசுக் கணக்கு முழுக்க ஒரு நம்பிக்கையின்மேல் நின்றிருந்தது: ஒவ்வொரு குறையும் தனித்தனியாகச் சுண்டிய ஒரு காசு. முதல் அடுக்குக்கு அது பொருந்தும். இரண்டாவது அடுக்கில் சுண்டியது ஒரே ஒரு காசு, அது விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இருபது என்று எண்ணினால் அந்த எண் எதைச் சொல்கிறது? அச்சு எவ்வளவு நல்லது என்பதையா? மழை எத்தனை மணிக்கு வந்தது என்பதைத்தான் சொல்கிறது.

எங்கள் ரோபோவின் அந்த 5 எப்போது வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மாமி இரண்டு தடவை, “உடம்பு சரியில்லையாத்தா?” என்று கேட்டுவிட்டார்.

ஒட்டி ஒட்டி வந்த ஐந்து

திங்கட்கிழமை ஆலைக்குப் போனதும் பழைய பதிவேட்டை எடுத்து, துண்டுகளை உற்பத்தியான வரிசையில் ஒரு நீளக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வைத்தேன். நல்லதுக்கு வெற்றுப் புள்ளி, கழிந்ததுக்குக் கறுப்புப் புள்ளி. கை வரிசையின் பத்துக் கறுப்பும் தாள் முழுக்கத் தூவிவிட்ட மாதிரி அங்கங்கே கிடந்தது. ரோபோவின் ஐந்தும் அடுத்தடுத்த ஐந்து கட்டங்களில். ஒன்றுகூட விலகி இல்லை. 500 இடங்களில் 5 குறை தற்செயலாக விழுந்தால், அவை ஐந்தும் ஒட்டி ஒட்டி விழ 50 கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை. அது தற்செயலே அல்ல. வெல்டிங் கம்பி வந்து சேரும் செம்பு முனை தேய்ந்துபோய், உலோகத்தை உருக்கும் மின்வில் சரியாக நிற்காமல், மூட்டில் துளை துளையாக விழுந்திருக்கிறது. முனையை மாற்றினார்கள், சரியாகிவிட்டது. பராமரிப்புப் பதிவேட்டில் அந்த நேரம்கூடக் குறித்திருந்தது. அந்தப் பதிவேடு என் மேசையிலிருந்து நான்கு அறை தள்ளி இருந்தது.

ஏன் ஐந்தோடு நின்றது? ஐந்தாவது துண்டில் பரிசோதகர் பார்த்துவிட்டார், நிறுத்தச் சொன்னார். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் பதினைந்து ஆகியிருக்கும், இரவு ஷிப்டாக இருந்தால் ஐம்பதுகூட ஆகியிருக்கலாம். அதாவது நான் பட்டை போட்டு ‘ரோபோவின் தரம்’ என்று காட்டிய 1 சதவீதம், பரிசோதகர் எவ்வளவு சீக்கிரம் நிமிர்ந்து பார்த்தார் என்பதன் அளவு. ரோபோவைப் பற்றி அந்தச் சோதனை சொன்னது ஒன்றுதான்: 500 துண்டில் ஒரு தடவை முனை தேய்ந்தது. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து அது எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று கேட்டால், நேர்மையான விடை மிக அகலமானது. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்வதென்றால், 500 துண்டுக்கு ஐந்தரை தடவை வரைக்கும் இருக்கலாம், 20,000 துண்டுக்கு ஒரு தடவையாகவும் இருக்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரு குட்டைப் பட்டைக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

இதில் யாருக்குச் சாதகம் என்று கேட்டால், எனக்கே இரண்டு பக்கமும் தோன்றியது. முனையை நேரத்துக்கு மாற்றினால் அந்த ரோபோ ஒரு குறையும் இல்லாமல் ஓடக்கூடும். அப்படியானால் 1 சதவீதம் என்று சொன்னது அதற்கும் அநியாயம். மாற்றாமல் விட்டால் ஒரு ராத்திரியில் ஒரு வண்டி லோடு போய்விடும், 1 சதவீதம் என்பது எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்வது. ஆளுடைய குறையும் ரோபோவின் குறையும் ஒரே பெயரில் வருகிற இரண்டு வேறு பொருள்கள். ஆள் சலிப்பார், கண் அசரும், கை ஒரு தடவை நடுங்கும், அடுத்த துண்டில் சரியாகிவிடுவார். டார்ச்சின் சத்தம் மாறினாலே தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவார். ரோபோ சலிப்பதில்லை, ஆனால் தப்பாகப் போனால் அதே தப்பை அதே சுத்தத்தோடு திரும்பத் திரும்பச் செய்கிறது, யாராவது வந்து சொல்லும் வரைக்கும். இரண்டையும் ஒரே சதவீதக் கோட்டில் நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பதுதான் நான் செய்த பிழை.

மாமா பிரித்து வைத்த அந்த இரண்டு அடுக்குக்கும் எங்கள் துறையில் பெயர் உண்டு. தொலைபேசிக் கருவிகள் செய்துகொண்டிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட், 1924இல் ஒரே பக்கக் குறிப்பு ஒன்றில் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தார். உற்பத்தியில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் சில்லறை ஏற்ற இறக்கம் ஒன்று, தேடினால் காரணம் கண்டுபிடிக்கக்கூடிய விலகல் இன்னொன்று, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. பிரிப்பதற்கு அவர் வைத்த வழி, அளவுகளை நேர வரிசையில் வைத்துப் பார்ப்பது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931இல் தொடங்கிய மகலனோபிஸ் அழைத்து, 1947–48இல் ஷூஹார்ட் இந்தியாவுக்கே வந்து மூன்று மாதம் இருந்தார். இதையெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மாமா எட்டாவதோடு நின்றவர். கல்லை நாள் வரிசை கலையாமல் அடுக்கி வைக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எளிய மூட்டும் இடுக்கு மூட்டும்

அந்தத் தாளைப் போட்ட பிறகு மற்ற ஓட்டைகளும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. இரண்டு பக்கமும் 500 துண்டு என்றேனே, அவை ஒரே மாதிரித் துண்டுகளா? இல்லை. புதிதாக வந்த ரோபோவுக்கு நேரான, தட்டையான மூட்டுகளைத்தான் பெரும்பாலும் கொடுத்திருந்தார்கள். வளைந்த குழாயும் தகடும் சந்திக்கிற இடுக்கு மூட்டுகள் வழக்கம்போல் ஆட்களிடம். அங்கே துண்டுக்குத் துண்டு இடைவெளி மாறும். வெல்டர் கண்ணால் பார்த்துக் கையின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். பார்க்கும் கருவி எதுவும் பொருத்தாத ரோபோ, சொல்லிக் கொடுத்த பாதையில் இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிப் போகும்.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. ரோபோவிடம் 900 எளிய மூட்டும் 100 இடுக்கு மூட்டும் கொடுக்கிறோம். எளியதில் 18 கழிகிறது, இடுக்கில் 10. ஆட்களிடம் 100 எளியதும் 900 இடுக்கும். எளியதில் 1 கழிகிறது, இடுக்கில் 54. எளிய வேலையில் ரோபோ 2 சதவீதம், ஆட்கள் 1. இடுக்கு வேலையில் ரோபோ 10 சதவீதம், ஆட்கள் 6. இரண்டிலும் ஆட்களே மேல். இப்போது மொத்தமாகக் கூட்டுங்கள். ரோபோ 1000க்கு 28, ஆட்கள் 1000க்கு 55. ரோபோ பாதிதான் கழிக்கிறது என்று ஒரு அழகான ஸ்லைடு தயார். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் இதைப் பற்றி எழுதியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டிய விஷயமே இல்லை. கடினமான நோயாளிகளை எல்லாம் எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் இறப்பு அதிகமாக இருக்கும் என்று வீட்டில் பெரியவர்களுக்குக்கூடத் தெரியும். எங்கள் ஆலையில் இவ்வளவு தூரம் போனதா என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எந்தத் துண்டு எந்த மூட்டு என்று நாங்கள் பிரித்து எழுதவில்லை.

பரிசோதனை செய்தவருக்கு எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ரோபோ போட்ட மூட்டு ஒரே சீராக, பார்க்க லட்சணமாக இருக்கும். கை போட்டதில் அலை தெரியும். அலை இருப்பது குறை இல்லை, ஆனால் கண் அங்கே கூடுதலாக ஒரு நொடி நிற்கும். அவரைக் குற்றம் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. வெல்டர்கள் தாங்கள் போட்டது திருப்தி இல்லையென்றால் அங்கேயே அரைத்துவிட்டு மறுபடி போடுவார்கள், உள்ளே வரும் தகடு கோணலாக இருந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள். அது ஆட்களின் பேரில் நன்மையாக எங்கேயும் பதிவாகவில்லை. அதற்கு ஆகும் நேரமும் செலவும் குறையாகவும் பதிவாகவில்லை. என் பட்டைகளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுபடியும்

என் மேலாளரிடம் கட்டத்தாளைக் கொண்டுபோய் விரித்தேன். பழைய அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதால், தவறு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் ரொம்ப நேரம் அந்த ஐந்து கறுப்புப் புள்ளிகளையே பார்த்தார். “சரி, எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டார். நான் ஆறு வாரம் கேட்டேன்.

இந்தத் தடவை பக்கத்துக்கு 2400 துண்டு. எளிய மூட்டும் இடுக்கு மூட்டும் இரண்டு பக்கத்துக்கும் சம எண்ணிக்கையில், எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தோம். மூன்று ஷிப்டிலும் ஓட்டினோம். மூட்டின் மேற்பரப்பைப் பார்த்து ஆளா ரோபோவா என்று கண்டுபிடிக்க முடியாதபடி துண்டுகளை ஒரே சீராகப் பெயின்ட் அடிக்க முடியுமா என்று முயன்றோம், துளைகள் மறைந்துவிடுகிறது என்பதால் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, வெட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் எண் ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் வேறொரு அறையில் வைத்துச் செய்தோம். ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண், நேரம், செம்பு முனை மாற்றிய இடம், கம்பிச் சுருள் மாற்றிய இடம், போட்டவர் யார் என்று எல்லாம் குறித்தோம். கிடங்குக்குப் போன நான்கு பேரும் சோதனைக்காகத் திரும்ப வந்தார்கள். அவர்கள் பழையபடி வரிசைக்கே வருவார்களா என்பது அப்போது முடிவாகவில்லை. அவர்களிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

முடிவு ஒரே வரியில் அடங்கவில்லை. நேர் மூட்டுகளில், முனையை நாங்கள் குறித்த இடைவெளியில் மாற்றிய வரைக்கும் ரோபோ தெளிவாக மேல். இரவு ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது. இடுக்கு மூட்டுகளில் ஆட்கள்தான் மேல், அதிலும் சந்தேகம் இல்லை. ரோபோவின் குறைகள் இந்தத் தடவையும் கொத்துக் கொத்தாகத்தான் வந்தன. அதனால் தேய்ந்த முனையைப் பரிசோதகர் கண்ணுக்கு விடாமல், எத்தனை துண்டுக்கு ஒரு முறை கட்டாயம் நிறுத்திப் பார்ப்பது என்று புது விதி எழுதினோம். இடுக்கு மூட்டுகளுக்குக் கை வரிசை இருக்கட்டும் என்று முடிவானது. நான்கு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நான்காமவர் அதற்குள் வேறு ஆலைக்குப் போய்விட்டார். அவருக்கு நான் போன் செய்தேன், எடுக்கவில்லை.

புது அறிக்கையின் முதல் பக்கத்தில் சதவீதம் எதுவும் போடவில்லை. 2400 புள்ளிகள் கொண்ட இரண்டு நீளப் பட்டிகள், மேலே ரோபோ, கீழே ஆட்கள், உற்பத்தியான வரிசையில். அதைப் பெரிதாக அச்சடித்து வரிசைக்குப் பக்கத்துச் சுவரிலும் ஒட்டினோம். ஒட்டிய அன்று ஷிப்ட் முடிந்து போகும்போது தேவகோட்டைக்காரர் அதன் முன்னால் நின்றார். கையுறையைக் கழற்றிவிட்டு, கீழ்ப் பட்டியில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு கறுப்புப் புள்ளியில் விரல் நின்றது. “இது நாந்தான் மேடம். அன்னைக்கு ரெண்டாவது சுருள் மாத்துனதும் முதத் துண்டு. அப்பவே கை சொல்லுச்சு.” பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவருடைய துண்டுதான். சுருள் மாற்றியதற்கு அடுத்தது. அவர் விரலை எடுக்காமல் அங்கிருந்து அடுத்த கறுப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.